யாருடைய உழைப்பு?

டோக்கியோவிலிருந்து வந்திருந்த சிநேகிதர் ஒருவர், "இப்போது யார் ஸார் வீட்டில் டாஷி காய்ச்சுகிறார்கள்? பொடியை வெந்நீரில் கரைத்தால் ஆயிற்று. பாவம், பெண்கள் அடுப்படியில் வேக வேண்டுமா?" என்றார். அந்த 'பாவம்' என்ற வார்த்தைதான் என்னை உறுத்துகிறது.

டாஷி என்பது ஜப்பானியச் சமையலின் அஸ்திவாரமான சாறு. மிஸோ ஸூப்பும் நூடுல்ஸ் குழம்பும் அதன்மேல்தான் நிற்கின்றன. அதைக் காய்ச்ச என்ன பாடு பட வேண்டும்? ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு. பெயரைக் கேட்டு மாட்டை நினைக்க வேண்டாம். ஹொக்காய்தோக் கடலில் விளையும் கடற்பாசி, காயவைத்தது. அரை மணி தானே ஊறும். பிறகு இளந்தீ. கொதி வருமுன் பாசியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, கட்ஸுவோபுஷி என்கிற மீன் சீவலில் 20 கிராம் போட்டு, இரண்டு நிமிஷம் கழித்துப் பிழியாமல் வடிகட்டினால் தீர்ந்தது. நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஊறும் நேரம் போக 15 நிமிஷம். பிரெஞ்சுக்காரன் எலும்பை மணிக்கணக்கில் வேகவைக்கிறான்!

இவ்வளவு சுலபமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கஷ்டமெல்லாம் முன்பே வேறொருவர் பட்டாயிற்று. மகுரசாகி, யாய்ஸு போன்ற துறைமுக ஊர்களில் சூரை மீனை அவித்து, முள் எடுத்து, விறகுப் புகையில் திரும்பத் திரும்ப வாட்டுகிறார்கள். உயர்ந்த ரகமானால் அதன்மேல் பூஞ்சணம் பூக்க விட்டு வெயிலில் உலர்த்துவதையும் பல தடவை செய்கிறார்கள். கட்டையாக இறுகச் சுமார் ஆறு மாதம் ஆகும். மாசிச் சம்பல் இடித்த இலங்கைக்காரர்களுக்கு இந்த வாசனை அந்நியமாக இராது. மாசியும் சூரையை அவித்துப் புகைபோட்டு உலர்த்தியதுதான்.

ஆகவே பொடி மிச்சப்படுத்துவது சமைக்கிறவளின் உழைப்பையா? அவளுக்கு 15 நிமிஷம் மிச்சம். மீதி ஆறு மாதம் யாருக்கு மிச்சம் என்று யோசியுங்கள். அவள் பெயரைச் சொல்லி ஆலைக்காரர் லாபம் பார்க்கிறார்.

"விஞ்ஞானம் இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது. 1908-இல் இகெதா கிகுனாயே கொம்பிலிருந்து குளுட்டமேட்டைக் கண்டுபிடித்து, அந்த ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். மறு வருஷமே அது அஜினோமோட்டோவாகக் கடைக்கு வந்தது. அதை விஷம் என்று கூச்சலிடும் கட்சியில் நான் இல்லை. ஆனால் பல பொடிகளில் உப்பும் சர்க்கரையும் முன்பே கலந்திருக்கின்றன. தன் பானையில் உப்பு எவ்வளவு என்று தீர்மானிக்கும் உரிமைகூட அவள் கையை விட்டுப் போகிறதே, அதற்கு யார் 'பாவம்' சொல்வது?

நல்ல கொம்பு விலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். வடித்த சக்கையையே இன்னொரு முறை காய்ச்சி இரண்டாம் சாறு எடுப்பதும், பாசியை ஸோயாவில் வதக்கித் தொட்டுக்கொள்வதும் அதற்காக ஏற்பட்ட சிக்கனந்தான். அப்படியும் கட்டவில்லை என்றால் பொடியை வாங்குங்கள், எனக்கு வழக்கில்லை. காசில்லை என்பது நியாயம். நேரமில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.