கையை விட்ட புத்தகத்தை யார் ஏந்துவது?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு இரவில் படியுங்கள்.

சென்னைப் புத்தகக் கண்காட்சி நெருங்கும்போதெல்லாம் முகநூலைத் திறந்தால் அட்டைப்படங்களாக வந்து விழுகின்றன. "என் ஐந்தாவது நாவல்", "இந்த ஆண்டில் என் மூன்றாவது நூல்" என்று. நாமும் வாழ்த்துச் சொல்லிவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுகிறோம். வாழ்த்தியவர்களில் எத்தனை பேர் வாங்கினோம், வாங்கியவர்களில் எத்தனை பேர் கடைசிப் பக்கம் வரை போனோம் என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாவல் எழுதுகிறவருக்கு மூன்று வேலை. எழுத வேண்டும், திருத்த வேண்டும், ஒரு நாள் கையை விட்டு அனுப்பிவிட வேண்டும். மூன்றுக்கும் காலம் பிடிக்கும். அந்தக் காலத்தை நாம் கொடுப்பதில்லை. அதைவிட மோசம், அவர்கள் அனுப்பிய புத்தகத்தை ஏந்திக்கொள்ள நாம் அங்கே இருப்பதுமில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் என்னிடம் படித்த ஒரு மாணவன். நெசவுக் குடும்பம். அப்பா தறியில் உட்கார்ந்து படிக்க வைத்தார். இவன் இன்று ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். இரவு ஷிப்ட் முடிந்து வந்து எழுதி எழுதி நானூறு பக்கத்துக்கு ஒரு நாவல் சேர்த்திருக்கிறான். பணம் கட்டினால் அச்சடித்துத் தருகிறோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "கண்காட்சிக்குள்ள கொண்டு வந்துடலாம்னு சொல்றாங்க டீச்சர். வீட்ல சங்கிலிய வச்சுப் பணம் பொரட்டலாம்னு இருக்கேன்" என்றான்.

கையெழுத்துப் படியை வாங்கி முழுவதும் படித்தேன். நடுவில் ஓர் அத்தியாயம். கூலி முன்பணம் வாங்க முதலாளி வீட்டுத் திண்ணையில் அப்பா காத்திருக்கிறார், பையன் பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்க்கிறான். படித்துவிட்டு எழுந்து கொல்லைப்புறம் போய் நின்றேன். ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் நாற்பது பக்கம் காஞ்சிபுரத்தின் வரலாறு, பல்லவர் காலத்திலிருந்து. அதை எடுத்துவிடு என்றேன். "அதுக்குத்தான் டீச்சர் ஆறு மாசம் படிச்சேன்" என்றான். "படிச்சது உனக்குப்பா. வாசகனுக்கு உங்க அப்பா போதும்" என்றேன். சங்கிலியை அடகு வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அரை மனதோடுதான் போனான்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். குமரகோட்டம் போயிருப்பீர்கள். கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாச்சாரியார் அந்தக் கோயில் அர்ச்சகர். நாளுக்கு நூறு பாடல் எழுதி, இரவில் ஏட்டை முருகன் திருவடியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திப் போவாராம். காலையில் வந்து பார்த்தால் முருகனே திருத்தம் போட்டு வைத்திருப்பாராம். இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அதில் இருக்கும் எழுத்து ஒழுங்கை மட்டும் பாருங்கள். எழுதியதை அன்றைக்கே ஊருக்குக் காட்டவில்லை. ஒரு ராத்திரி வேறொருவர் பார்வைக்கு விட்டார். காலையில் வந்து திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்.

கதை அதோடு முடியவில்லை. அரங்கேற்றத்தில் முதல் பாட்டின் தொடக்கத்திலேயே ஒரு புலவர் எழுந்து, இந்தப் புணர்ச்சிக்கு இலக்கண விதி எங்கே என்று கேட்டாராம். சோழ நாட்டிலிருந்து வந்த ஒருவர் வீரசோழியத்தைக் காட்டி விதி இருக்கிறது என்று நிறுவிய பிறகுதான் மேலே போக முடிந்ததாம். கடவுளே திருத்திக் கொடுத்த நூலும் சபைக்கு வந்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சபையும் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது பாருங்கள். அது கேட்கிறவர்களின் பெருமை. இன்று நம்மில் யார் ஒரு நாவலின் முதல் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கிறோம்? "அருமை", "வாழ்த்துகள்", இரண்டு கைகூப்பும் படம். முடிந்தது.

இந்தக் காலத்துக்கு வருவோம். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தியவர். 'ஒரு புளியமரத்தின் கதை' முதலில் 'சரஸ்வதி' இதழில் தொடராக ஆரம்பித்துப் பாதியில் நின்றது. முழு நாவலாக 1966-ல் வந்தது. அடுத்த நாவல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-ல். அதற்கடுத்த 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' 1998-ல். மொத்தம் மூன்றே நாவல்கள். இடைவெளி 15 ஆண்டு, பிறகு 17 ஆண்டு. இன்று ஒருவர் 15 ஆண்டு நாவல் வெளியிடாமல் இருந்தால் "அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்" என்று நாமே பேசி முடித்துவிடுவோம்.

இன்னும் இரண்டு பேர். இருவரும் 1920-ல் பிறந்தவர்கள்.

ஒருவர் கும்பகோணம் எம்.வி. வெங்கட்ராம். சௌராஷ்டிரக் குடும்பம், பட்டுத் தொழில். பதினாறு வயதிலேயே 'மணிக்கொடி'யில் கதை வந்துவிட்டது. சரிகை வியாபாரம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். வியாபாரம் படுத்தது. வயிற்றுப்பாட்டுக்கு வாழ்க்கை வரலாற்று நூல்களாக எழுதித் தள்ளினார். நெசவாளர் வாழ்க்கையை வைத்து எழுதிய 'வேள்வித் தீ' 1975-ல் வந்தது. காஞ்சிபுரத்துக்காரர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய நாவல் அது. ஊர் வேறு, தறிச் சத்தம் ஒன்றுதான். அவரைப் பல ஆண்டுகள் ஆட்டிவைத்த ஒரு துன்பம், காதுக்குள் ஓயாமல் கேட்ட குரல்கள். அதை நாவலாக்க முதுமை வரை பிடித்தது. 'காதுகள்' 1992-ல் வந்தது. 1993-ல் சாகித்திய அகாதெமி விருது. வயது 73. தன் உடம்பில் பட்டதையே எழுதினாலும், அது ஆறி எழுத்தாக அவ்வளவு காலம் ஆகிறது.

மற்றவர் சிங்கம்புணரி ப. சிங்காரம். பதினெட்டு வயதில் இந்தோனேசியாவின் மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். உலகப் போரை அங்கேயே கண்ணால் பார்த்தவர். திரும்பி வந்து மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தார். 'கடலுக்கு அப்பால்' 1950-ல் எழுதியது. கலைமகள் போட்டியில் பரிசு பெற்ற பிறகு 1959-ல்தான் புத்தகமானது. 'புயலிலே ஒரு தோணி' 1962-ல் எழுதியது. புத்தகமானது 1972-ல். கையெழுத்துப் படியை வைத்துக்கொண்டு பத்து ஆண்டு காத்திருப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிடும்.

புத்தகம் வந்தும் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை, தனி வாழ்க்கை. மூன்றாவது நாவல் எழுதவே இல்லை. சேர்த்து வைத்த பணத்தைப் பிள்ளைகள் படிப்புக்கென்று கொடுத்துவிட்டு 1997 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். தமிழின் ஆகச் சிறந்த நாவல்களில் ஒன்று என்று அந்தத் தோணியை விமர்சகர்கள் இன்று கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த மூன்றாவது நாவலுக்கு யார் பொறுப்பு?

நானே பதில் சொல்கிறேன். வாசகர்கள்தான் பொறுப்பு. அவர் எழுதினார், திருத்தினார், கையை விட்டார். தன் மூன்று வேலையையும் முடித்தார். எதிர்ப்பக்கத்தில் கை நீட்ட ஆள் இல்லை.

விடுவது வேறு, பிடுங்குவது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வந்தது. நான்கு ஆண்டு கழித்து எதிர்ப்பு கிளம்பியது. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. அதன் பிறகு 2015 ஜனவரியில், நாம் கோலமும் காபியும் பகிரும் இதே முகநூலில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாக அவரே அறிவித்தார். தன் புத்தகங்களை விற்க வேண்டாம் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டார். தான் பெற்ற அத்தனை புத்தகங்களையும் ஒரே நாளில் கைவிட வைக்கப்பட்ட மனிதர் அவர்.

2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பேச்சுவார்த்தை முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்புச் சொன்னது. பிடிக்காதவர் புத்தகத்தை மூடி வைக்கலாம், எழுத்தாளர் எழுதட்டும் என்பதே அதன் சாரம். அந்த ஆண்டே 'பூனாச்சி' வந்தது. ஒரு வெள்ளாட்டின் கதை. அந்த நாவலைப் பிடிக்காதவர்கள் என் நட்பு வட்டத்திலும் இருக்கிறீர்கள். பிடிக்கவில்லை என்று பத்துப் பக்கம் எழுதுங்கள், படிக்கிறேன். படிப்பவருக்கு மறுக்க உரிமை உண்டு. எழுதியவர் கையாலேயே அதை அழிக்க வைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

நான் இருப்பது ஓரிக்கை. வெளியூர் நண்பர்கள் அடிக்கடி பெயர்க்காரணம் கேட்பீர்கள். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ அரசன் நாட்டை விட்டுப் போகச் சொன்னான். சீடர் கிளம்ப, ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் சொன்னபடியே திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை, அதுவே ஓரிக்கை ஆனது என்பார்கள். அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் திரும்பினார்கள். கவிஞனைத் துரத்தினால் ஊரில் தெய்வமும் தங்காது என்று இங்கே குழந்தைக்கும் தெரியும்.

அதே ஆழ்வாரைப் பற்றி இன்னொரு கதை. குடந்தையில் தன் சுவடிகளையெல்லாம் காவிரி வெள்ளத்தில் விட்டுவிட்டாராம். நான்முகன் திருவந்தாதியும் திருச்சந்த விருத்தமும் மட்டும் வெள்ளத்தை எதிர்த்துக் கரைக்கு வந்தனவாம். நல்ல நூல் எப்படியும் நிலைக்கும் என்பதற்கு இந்தக் கதையை மேடைகளில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கரைக்கு வந்த சுவடியை எடுத்துத் துடைத்து, காய வைத்து, படியெடுத்தவர்கள் இருந்ததால்தான் அது நம் கைக்கு வந்தது. நல்லது தானாக நிலைக்கும் என்று நம்பி நாம் சும்மா இருந்தால் 'புயலிலே ஒரு தோணி'க்கு நேர்ந்ததுதான் நேரும்.

என்ன செய்யலாம்? ஆசிரியர் புத்தி, வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடாது.

எழுதுகிற பிள்ளைகளுக்கு: முடித்ததும் ஆறு மாதம் பெட்டியில் போட்டு வையுங்கள். பிறகு எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்குத் தடுக்கும் இடத்தில் பேனா வையுங்கள். உங்களைப் புகழாத ஒருவரிடம் ஒரு படி கொடுங்கள். நகையை அடகு வைத்து அச்சடிக்காதீர்கள்.

பதிப்பாளர்களுக்கு: அட்டைக்கு ஓவியர் வைப்பதுபோல் உள்ளே இருப்பதற்கு ஒரு நல்ல எடிட்டரை வையுங்கள். அவர் பெயரையும் புத்தகத்தில் போடுங்கள்.

நமக்கு: மாதம் ஒரு நாவல் காசு கொடுத்து வாங்குங்கள். முடியாவிட்டால் கிளை நூலகத்தில் கேளுங்கள். கேட்டால்தான் அடுத்த முறை வாங்குவார்கள். முடித்த பிறகு எழுத்தாளருக்கு நாலு வரி எழுதுங்கள். "அருமை" வேண்டாம். எந்தப் பக்கத்தில் நின்றோம், எங்கே அலுத்தது, எந்த ஆள் இன்னும் மனசில் நடமாடுகிறார் என்று எழுதுங்கள். பி.டி.எஃப். கேட்டுத் தயவுசெய்து என் உள்பெட்டிக்கு வராதீர்கள்.

பின்னூட்டத்தில் எனக்கு வாழ்த்து வேண்டாம். இந்த ஆண்டு கடைசிப் பக்கம் வரை படித்த தமிழ் நாவல் ஒன்றின் பெயரும், அதிலிருந்து மறக்காத ஓர் ஆளின் பெயரும் எழுதுங்கள். எழுதியவர் உயிரோடு இருந்தால் அவரையும் அங்கே கூப்பிடுங்கள், படிக்கட்டும்.