நாய்க்கு டி.என்.ஏ டெஸ்ட்... இன்ஷூரன்ஸில் காசு கிடைக்குமா? கிட் வாங்கும் முன் இதைப் படிங்க!

"இது என்ன ப்ரீடுங்க?"

நாயோடு வாக்கிங் போகிற எல்லோரும் வாரத்துக்கு நாலு தடவையாவது சந்திக்கிற கேள்வி. தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டி என்றால், நீங்கள் பதில் சொல்வதற்குள் கேட்டவரே "லேப் மிக்ஸ் மாதிரி இருக்கே" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போயிடுவார். இந்த ஆர்வத்தைத்தான் அமெரிக்காவில் எம்பார்க், விஸ்டம் பேனல் போன்ற நிறுவனங்கள் ஒரு கிட்டாக்கி, 100 டாலருக்குக் கொஞ்சம் கீழே ஆரம்பித்து 200 டாலர் வரை விற்கின்றன. பெட்டியைப் பிரித்து ரிசல்ட் பார்க்கும் ரீல்ஸ் உங்கள் ஃபீடிலும் வந்திருக்கும்.

வேலை சிம்பிள்தான். பஞ்சுக் குச்சியால் நாயின் கன்னத்து உள்பக்கத்தைத் தடவி, டியூபில் போட்டு அனுப்ப வேண்டும். லேபில் அதன் மரபணுத் தொடரை முழுசாகப் படிப்பதில்லை. குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் பார்த்து, தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நாய்களின் டேட்டாவோடு ஒப்பிடுகிறார்கள். அதனால் ரிசல்ட் எவ்வளவு சரி என்பது அந்த டேட்டாபேஸில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நம்ம ஊர் நாட்டு நாயின் சாம்பிளை எம்பார்க்குக்கு அனுப்பினால், 'தெற்காசிய கிராமத்து நாய்' என்று பதில் வரலாம். ஏமாந்துடாதீங்க, அது கௌரவமான பதில்தான். கிராமத்து நாய்கள் பல ப்ரீடுகள் கலந்து உண்டானவை அல்ல. இன்று நாம் சொல்கிற ப்ரீடுகள் உருவாவதற்கு முன்பிருந்தே இருக்கிற தனி வம்சம்.

ப்ரீடு பெயரெல்லாம் ஒரு ஜாலிக்கு. விஷயமே ஹெல்த் ரிப்போர்ட்டில்தான் இருக்கிறது.

உயிரைக் காப்பாற்றுகிற ஒரு உதாரணம் இருக்கிறது. கோலி வகை நாய்களில் எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் சகஜம். அமெரிக்கக் கோலிகளில் நாலில் மூன்றுக்கு இது இருக்கிறது என்கிறது, 2001-ல் இதைக் கண்டுபிடித்த வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம். மூளைக்குள் நுழையும் சில மருந்துகளை வெளியே தள்ளுகிற பம்ப் மாதிரியான ஒரு புரதம், இந்த நாய்களில் சரியாக வேலை செய்யாது. சொறிக்கு அதிக டோஸில் கொடுக்கும் ஐவர்மெக்டின், வயிற்றுப்போக்குக்கு நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் லோபெரமைடு எல்லாம் இவற்றுக்கு விஷமாக மாறலாம். ஐவர்மெக்டின் நம்ம ஊரிலும் நாய்களுக்குத் தாராளமாகப் புழங்குகிற மருந்துதான். வீட்டில் கோலியோ கோலி கலப்போ இருந்தால், இந்த ஒரு டெஸ்ட்டுக்காகச் செலவழிக்கலாம். டாபர்மேனுக்கு ஆபரேஷன் என்றால், ரத்தம் உறையாத வான் வில்லிபிராண்ட் குறைபாடு இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதும் இதே ரகம்.

இதன் மறுபக்கம்தான் மனசை உலுக்குகிறது. 2018-ல் 'நேச்சர்' இதழில் மூன்று ஆய்வாளர்கள் ஒரு பக் நாயின் கதையை எழுதினார்கள். பெயர் பெட்டூனியா, வயது 13. நடை தடுமாறியது, சிறுநீர், மலத்தை அடக்க முடியவில்லை. வீட்டுக்காரர்கள் 65 டாலர் கொடுத்து டி.என்.ஏ டெஸ்ட் எடுத்தார்கள். முதுகுத்தண்டு மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோயோடு தொடர்புடைய மரபணு மாற்றம் இருப்பதாக ரிசல்ட் வந்தது. அந்த நோய்க்கு மருந்து கிடையாது. 'அவதிப்பட வேண்டாம்' என்று நாயைக் கருணைக்கொலை செய்துவிட்டார்கள். ஆனால், அந்த மாற்றம் இருக்கிற பெரும்பாலான நாய்களுக்கு அந்த நோய் வருவதே இல்லை. சிகிச்சையில் சரியாகக்கூடிய வேறொரு தண்டுவடப் பிரச்னையும் அதே அறிகுறிகளைக் காட்டும். அதுதான் இருந்ததா என்று பார்க்காமலேயே கதை முடிந்துவிட்டது.

'ரிஸ்க் இருக்கு' என்பது 'நோய் இருக்கு' ஆகிவிடாது. ஆப்பில் சிவப்புக் கலரில் வருகிற ஒரு வரியை வைத்து எந்த முடிவும் எடுக்காதீங்க. கால்நடை மருத்துவரிடம் காட்டி, எக்ஸ்ரேயோ ஸ்கேனோ தேவையா என்று கேளுங்கள்.

அதேபோல, ப்ரீடைத் தெரிந்துகொண்டால் குணத்தையும் தெரிந்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, ஒரு நாயின் நடத்தை வித்தியாசங்களில் சுமார் 9 சதவிகிதத்தைத்தான் ப்ரீடு விளக்குகிறது என்று சொன்னது. நம்ம நாட்டில் 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களை, கலப்பினங்களையும் சேர்த்து, வளர்க்கத் தடை விதிக்கச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பார்த்தவுடனே 'இது பிட்புல் கலப்பு' என்று யார் முடிவு செய்வது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

சரி, காசு யார் தருவா?

பெரும்பாலும் உங்கள் பாக்கெட்தான். பெட் இன்ஷூரன்ஸ் என்பது விபத்துக்கும் நோய்க்கும்தான். ஆர்வத்துக்காக எடுக்கிற டெஸ்ட்டை, தடுப்பூசி, குளிப்பாட்டுகிற செலவு மாதிரி 'அவசியமில்லாதது' லிஸ்ட்டில் வைத்துவிடுவார்கள். அமெரிக்காவில் வெல்னெஸ் ஆட்-ஆன் எடுத்திருந்து, அதன் பட்டியலிலும் இந்த டெஸ்ட் இருந்தால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கலாம். நாய்க்கு அறிகுறி தெரிந்து, டாக்டரே எழுதிக்கொடுத்த மரபணு டெஸ்ட் என்றால் கதை வேறு. அதை நோயறியும் செலவாகக் கேட்டுப் பார்க்க முடியும். இந்தியாவில் நாய் பாலிசிகள் ஆபரேஷன், மருத்துவமனைச் செலவு, இறப்பு, நாய் கடித்து அடுத்தவர் கேட்கிற நஷ்டஈடு போன்றவற்றைச் சுற்றித்தான் இருக்கின்றன. பிறவிக் குறைபாடும் பரம்பரை நோயும் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். டெஸ்ட்டுக்கான பணத்தைவிட இது பெரிய விஷயம்.

அடுத்த சந்தேகம் இன்னும் முக்கியம்: டெஸ்ட்டில் ஒரு ரிஸ்க் வந்தால், நாளைக்கு 'இது ஏற்கெனவே இருந்த நோய்' என்று க்ளெய்மைத் தள்ளிவிடுவார்களா? மனிதர்களுக்கு அமெரிக்காவில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. மரபணு ரிசல்ட்டை வைத்து ஹெல்த் இன்ஷூரன்ஸை மறுக்கக் கூடாது. நாய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, சட்டத்தின் கண்ணில் அது ஒரு சொத்து. ஆனால், அங்குள்ள மாநில இன்ஷூரன்ஸ் கண்காணிப்பாளர்களின் சங்கம் 2022-ல் ஒரு மாதிரிச் சட்டம் கொண்டுவந்தது. டாக்டர் ஆலோசனை சொன்னது, சிகிச்சை கொடுத்தது, அறிகுறி தெரிந்தது ஆகியவைதான் 'ஏற்கெனவே இருந்த நோய்' என்பதற்கு அதில் அடிப்படை. அதை நிரூபிக்கிற பொறுப்பும் கம்பெனிக்குத்தான். எந்த மாநிலம் ஏற்றுக்கொண்டதோ அங்கேதான் அது செல்லும்.

இங்கே நீங்கள் நம்ப வேண்டியது பாலிசி பத்திரத்தில் இருக்கிற வார்த்தைகளை மட்டும்தான். ஏஜென்ட் போனில் "அதெல்லாம் பிரச்னை இல்ல சார்" என்பார். அதே கேள்வியை ஈமெயிலில் அனுப்புங்க: 'மரபணு ரிஸ்க் ரிசல்ட், அறிகுறியே இல்லாதபோதும், ஏற்கெனவே உள்ள நோயாகக் கருதப்படுமா?' பதில் கைக்கு வந்து, வெயிட்டிங் பீரியடும் முடிந்த பிறகு கிட்டை ஆர்டர் செய்யலாம். கோலியும் டாபர்மேனும் இல்லாத வீடு என்றால், அந்தப் பணத்தில் வருஷம் ஒரு ரத்தப் பரிசோதனையும் உண்ணி மருந்தும் வாங்குவதுதான் என் சாய்ஸ்.