மூவிரல் மீன்கொத்தியும் ஓடையின் கரையும்

மீன்கொத்தி என்னும் பெயரே நம்மைச் சற்று ஏமாற்றிவிடுகிறது. பெயரைக் கேட்டதும் நெல்லைச் சீமையினருக்கு வாய்க்கால் மேல் மின்கம்பியில் அமர்ந்திருக்கும் வெண்தொண்டை மீன்கொத்தியும், தாமிரபரணியின் மேல் அந்தரத்தில் சிறகடித்து நின்று நீரில் விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியும் நினைவில் எழும். சங்கப் பாடல்களில் சிரல் என்று வருவதும் மீன்கொத்தியே. நம் மொழியில் அது என்றும் நீருக்குரிய பறவை.

ஆனால் இக்குடும்பத்தில் மீனையே நம்பி வாழாதவை பல. அவற்றுள் ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வாழும் மூவிரல் மீன்கொத்தி. மற்ற பல மீன்கொத்திகளுக்கு நான்கு விரல், இதற்கு மூன்றே. நீளம் சுமார் 13 செ.மீ.; சிட்டுக்குருவியைவிடச் சிறியது. பவள நிற அலகு, மஞ்சள் வயிறு, கருநீலச் சிறகு. இத்தனை வண்ணமிருந்தும் எளிதில் கண்ணில் படுவதில்லை. நிழலடர்ந்த ஓடையோரத்தில் தாழ்ந்த கிளையொன்றில் அசையாது அமர்ந்திருக்கும். கூரிய கீச்சொலி கேட்டுத் திரும்புவதற்குள் மறைந்திருக்கும். பூச்சி, சிலந்தி, தவளை, பல்லி, சிறு நண்டு ஆகியவை இதன் உணவு.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் இப்பறவை, வறண்ட தக்காணத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, வடகிழக்கு இந்தியாவிலும் அதற்கப்பால் தென்கிழக்காசியாவிலும் மீண்டும் காணப்படுகிறது. ஈரமும் நிழலும் எங்கெங்கே எஞ்சியுள்ளன என்பதற்கு இதன் பரவலே ஒரு வரைபடம்.

நம் பகுதியில் தென்மேற்குப் பருவமழையோடு இதன் இனப்பெருக்கக் காலம் தொடங்குகிறது. ஓடைக்கரையின் செங்குத்தான மண்சுவரைக் குடைந்து, அதனுள்ளே முட்டையிடுகிறது. மரக்கிளையில் கூடு கட்ட இதற்குத் தெரியாது. கரை சரிந்தாலோ, கல்லும் சிமென்ட்டும் பூசப்பட்டாலோ, ஓடையில் எவ்வளவு நீர் ஓடினாலும் இதற்கு வீடில்லை.

இங்கேதான் நம் பார்வையின் குறை தெரிகிறது. ஆறு என்றால் நீர் என்று மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தை நாளிதழில் தேடிப் படிக்கிறோம். கரைகளைப் பற்றிக் கேட்பதில்லை. தாமிரபரணிப் படுகையின் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011இல் தொடங்கியது. போற்றத்தக்க பணி. ஆயினும் குளத்துக்கு வராத இக்காட்டுப்பறவை அந்தக் கணக்கில் இடம்பெற வாய்ப்பில்லை. 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் புலியின் பெயரால் மலையோடைகளையும் காக்கிறது. காப்பகத்தின் எல்லைக்கு வெளியே மலையடிவார ஓடைகளுக்கு அத்தகைய காவல் இல்லை.

கரையைப் பலப்படுத்துவது எப்போதும் நன்மையே என்ற எண்ணத்தை நாம் கைவிட வேண்டும். மரநிழலும் மண்கரையும் ஆற்றின் உறுப்புகள். பொதிகையில் பிறக்கும் நதியைப் பாடிய மொழிக்கு, அதன் கரை மண்ணையும் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.