கையொப்பம் போட்டால் உலகம் வந்துவிடாது

மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்றோடு, துருக்கி நிறுவனம் ஒன்றோடு, இந்தோனேசியத் தூதுக்குழு ஒன்றோடு என்று புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தாகும் படங்கள் பத்திரிகை அலுவலகங்களுக்கு வந்தவண்ணம் உள்ளன. மேசையில் இரண்டு சிறு கொடிகள், பின்னால் பதாகை, நடுவில் கைகுலுக்கல். இலங்கையின் எந்தப் பல்கலைக்கழகமும் இதற்கு விலக்கில்லை. ஒரு வருடம் கழித்து, அந்தக் கையொப்பத்தால் எந்தப் பாடத்தின் உள்ளடக்கம் மாறிற்று, எந்த ஆசிரியப் பயிலுனர் எதைப் புதிதாகக் கற்றார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஆள் கிடைக்காது.

பல்கலைக்கழக ஆய்வுக்கும் ஆசிரியர் கல்விக்கும் உலகளாவிய பார்வை வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து கிடையாது. அது எந்த வழியால் வரும் என்பதில்தான் வழக்கு. பெரியநீலாவணை தொடக்கம் பொத்துவில் வரையான இந்தக் கரையோரத்தின் பிரச்சினைகளை, உலகம் கைக்கொள்ளும் முறைகளால் ஆராய்ந்து, முடிவைத் தமிழில் வகுப்பறை ஆசிரியரின் கைக்குக் கொண்டுவராத எந்த முயற்சியும் பயணப்படியோடு முடிந்துவிடும் என்பதே நமது நிலைப்பாடு.

ஒலுவிலையே எடுத்துக்கொள்வோம். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் அதே ஊரில் ஒரு துறைமுகம் இருக்கிறது. டென்மார்க் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அலைதடுப்புச் சுவர் எழுந்த பிறகு மணல் வாயிலை அடைத்துக்கொண்டது. படகு உள்ளே போக வழியில்லை என்று மீனவர்கள் வீதிக்கு வந்தார்கள். வடக்கே ஒலுவில் கரையையும் நிந்தவூர்ப் பக்கத்தையும் கடல் அரித்துத் தின்றது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, வயற்காணிக்குள் உப்பு நீர் வந்தது. இது ஒன்றும் உலகம் காணாத புதினமில்லை. கிழக்குக் கரையில் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல்லைப் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை போகும். 1870களில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கியபோது நடந்ததும் இதுதான். தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்துப் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழர் கண்முன்னே கிடக்கும் பாடம் அது.

ஒலுவிலில் பொறியியல் பீடம் உண்டு, சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு. சென்னையையும் விசாகப்பட்டினத்தையும் டென்மார்க்கின் சொந்தக் கரைகளையும் ஒலுவிலோடு வைத்து ஒப்பிடும் ஆய்வுக்கு இதைவிட வசதியான இடம் வேறெங்கே? அதைவிட முக்கியமானது அடுத்த படி. நிந்தவூரில் பத்தாம் ஆண்டுக்குப் புவியியல் படிப்பிக்கும் ஆசிரியை கரையோர அரிப்பைப் பாடநூலில் உள்ள ஏதோ ஒரு நாட்டுப் படத்தைக் காட்டி விளக்க வேண்டியதில்லை. பாடசாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கரை இருக்கிறது. மாதம் ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிப்போய், நிலையான ஓரிடத்தில் கம்பு நட்டு, நீர்க்கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று அளந்து குறிக்கச் சொன்னால், மூன்று வருடத்தில் அந்தப் பாடசாலையிடம் ஒரு தரவு இருக்கும். அந்தத் தரவைப் பல்கலைக்கழகத்தாலும் மறுக்க முடியாது.

இன்னொரு விடயம் இதைவிட நெருக்கமானது. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960களின் இறுதியில் அக்கரைப்பற்றுக்கு வந்தவர். இங்குள்ள முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் தாய்வழிக் குடி முறை எப்படி இயங்குகிறது, பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர் எப்படி வந்தார், கோயிலில் குடி உரிமை எப்படி நின்றது, மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகப் போய் மருமகன் அந்த வீட்டோடு வந்து சேர்வது ஏன் என்பதையெல்லாம் பல தசாப்தங்கள் விடாமல் ஆராய்ந்து, 2008இல் டியூக் பல்கலைக்கழக வெளியீடாக ஒரு பெரிய நூலை எழுதினார். நம்மைப் பற்றி உலகம் படிக்கும் நூல் அது. நமது ஆசிரியப் பயிலுனர்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இது வெறும் புத்தகப் பெருமைக்காகச் சொல்வதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடற்கரை வீதிக்குக் கிழக்கே இருந்த வீடுகள் துடைத்தெடுக்கப்பட்டன. அதன்பின் உலகம் படிவத்தோடு வந்தது. ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தில் கணவரின் பெயரை எழுதச் சொன்னது. அழிந்த வளவு மனைவியின் பெயரில் இருந்தது. தாய் கொடுத்தது, அந்தத் தாய்க்கு அவளுடைய தாய் கொடுத்தது. புது வீடு பல இடங்களில் ஆணின் பெயருக்குப் போனது. ஒரு வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்கில், வளர்ந்துவரும் மகள்மாருக்காகக் கட்ட வேண்டியிருந்த சீதன வீடுகளுக்கு இடமேயில்லை. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற விதி வந்தபோது, கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருக்கி வாழும் ஊர்கள் எங்கே போகும் என்று கேட்கவும் ஆளில்லை. இந்த நடைமுறைகளைப் பற்றிய ஆங்கில ஆய்வுகள் பின்னர் வந்தன. அந்த அறிவு முன்பே ஊர் ஆசிரியர்களிடமும் கிராம உத்தியோகத்தர்களிடமும் எழுத்தில் இருந்திருந்தால், படிவத்தைத் திருத்தச் சொல்லி வாதாட ஒரு கடதாசியாவது கையில் இருந்திருக்கும்.

உலகமயமாதல் என்பதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அது ஏற்கெனவே நமது வகுப்பறைகளில் வாங்கில் உட்கார்ந்திருக்கிறது. உம்மா குவைத்தில், வாப்பா கட்டாரில், பிள்ளை உம்மம்மாவோடு. பெற்றோர் கூட்டத்துக்கு உம்மம்மா வருகிறார், கைநாட்டு வைக்கிறார், பிள்ளை வீட்டில் படிக்கிறதா என்ற கேள்விக்குத் தலையை ஆட்டுகிறார். இரவில் கைபேசித் திரையில்தான் தாயைக் காணும் எட்டு வயதுப் பிள்ளை, காலையில் கணிதப் பாடத்தில் ஏன் கவனமில்லாமல் இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள எந்த ஆசிரியருக்கும் பயிற்சி தரப்படுவதில்லை. 2013இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கி, சிறு பிள்ளைகளின் தாய்மார் வீட்டுப் பணிக்குச் செல்வதைக் கட்டுப்படுத்தியது. அந்த அறிக்கை பிள்ளையின் பள்ளிக்கூட வாழ்க்கையைக் கண்டுகொள்ளவில்லை. பிலிப்பைன்ஸில் இதே நிலையிலுள்ள பிள்ளைகளைப் பற்றிப் பல வருடங்களாக ஆய்வு நடக்கிறது, கேரளத்திலும் நடக்கிறது. மணிலா ஆய்வாளர் ஒருவரும் சாய்ந்தமருது ஆசிரியை ஒருவரும் ஒரு மணித்தியாலம் பேசினால், இருவருக்கும் கற்க விடயம் இருக்கும். ஒப்பந்தம் போடுவதென்றால் இதற்குப் போடுங்கள்.

அட்டாளைச்சேனை தேசிய கல்வியியற் கல்லூரியின் பக்கம் வருவோம். கல்வியியற் கல்லூரிகளில் டிப்ளோமா மூன்று வருடம். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாவது வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. அந்த மூன்றாவது வருடம் பெரும் பொக்கிஷம், அது வீணாகிறது. பயிலுனர் பாடக்குறிப்பு எழுதுகிறார், மேற்பார்வையாளர் வருகிறார், புள்ளி போடுகிறார், போகிறார். செயல்நிலை ஆய்வு என்று ஒன்று உண்டுதான். ஆனால் முந்திய அணியின் ஆய்வுக் கட்டு அடுத்த அணிக்குக் கைமாறும் கதை கல்விப் புலத்தில் யாருக்கும் தெரியாததில்லை.

பின்லாந்து என்று மேடையில் சொல்லாத கல்வி அதிகாரி இல்லை. அங்கே 1970களின் இறுதியிலிருந்து ஆரம்பப் பாடசாலை ஆசிரியரும் முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதித்தான் வகுப்பறைக்குள் போகிறார் என்ற செய்தியை மட்டும் மேடை விழுங்கிவிடுகிறது. யப்பானில் ஆசிரியர்கள் நாலைந்து பேர் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் படிப்பிக்க, மற்றவர்கள் வகுப்பின் ஓரத்தில் நின்று ஆசிரியரை விட்டுப் பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கியது என்று குறித்துக்கொண்டு, பிறகு இருந்து பேசிப் பாடத்தைத் திருத்துகிறார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக நடந்துவரும் வழக்கம் அது. அதற்கு உலக வங்கிக் கடனும் வேண்டாம், திறன்பலகையும் வேண்டாம். அதிபர் அரைநாள் அனுமதி தந்தால் போதும். கல்முனை வலயத்தில் நாளைக்கே தொடங்கலாம்.

தமிழில் எழுதினால் உலகத்துக்கு எப்படித் தெரியும், பதவியுயர்வுப் புள்ளி யார் தருவார் என்று விரிவுரையாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அதிக புள்ளி கொடுத்துவிட்டுத் தமிழில் எழுதச் சொல்வது முறையில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுதான் இதைத் திருத்த வேண்டும். ஆனால் இரண்டையும் ஒருவரே செய்ய முடியாது என்பதை நாம் ஏற்கமாட்டோம். காரைதீவில் பிறந்து, கல்முனையில் ஆங்கிலம் படித்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியான மயில்வாகனம், பின்னாளில் விபுலாநந்த அடிகளாகிச் சிலப்பதிகாரத்து இசையைக் கணிதத்தாலும் ஒலியியலாலும் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலைத் தந்தார். முறை மேற்கினுடையது, கேள்வி நம்முடையது, எழுதியது தமிழில். 1942இல், யப்பானியர் பர்மாவைப் பிடித்து அரிசி வரவு நின்றுபோன நேரத்தில், உணவு உற்பத்திக்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்ட ஏ.எம்.ஏ. அஸீஸ், வயலைப் பார்க்க வந்து பள்ளிக்கூடத்தையும் பார்த்தார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அப்படிப் பிறந்தது. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி பிறந்தது. அதே அஸீஸ்தான் எகிப்தையும் கிழக்காபிரிக்காவையும் சுற்றிவந்து, கண்டதைத் தமிழ் வாசகனுக்கு நூல்களாக எழுதினார். இன்று மாநாட்டுக்குப் போய்வருவோர் எழுதுவது பயண அறிக்கை மட்டுமே. அதையும் நிதிப்பிரிவு கேட்பதால்தான் எழுதுகிறார்கள்.

வெளிநாடு என்றாலே சந்தேகம் என்ற நிலை 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பின் இந்த ஊர்களைப் பாடாய்ப் படுத்தியது. அந்த அச்சத்தால் கதவைச் சாத்திக்கொள்வது தவறு. மதீனாவிலும் அஸ்ஹரிலும் படித்துத் திரும்பியவர்களின் அறிவும் திறந்த வகுப்பறையில், கேள்வி கேட்கும் மாணவர் முன்னால் வைக்கப்படட்டும். பக்கத்திலுள்ள உலகத்தையும் மறக்கலாகாது. ஒலுவில் விடுதிகளில் இன்று சிங்கள மாணவர் பெருந்தொகையாக இருக்கிறார்கள். கல்வியியற் கல்லூரிகளோ பெரும்பாலும் மொழிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. கோலாலம்பூர் போய்வந்த தமிழ்மொழி மூல ஆசிரியர், அம்பாறை நகரத்துச் சிங்களப் பாடசாலை ஒன்றின் வகுப்புக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை என்றால், அவருக்குக் கிடைத்திருப்பது அரைகுறைப் பார்வைதான்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி 1995இல் தொடங்கியது அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை வளாகத்தில். போரினால் வந்தாறுமூலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போக முடியாமல் நின்ற மாணவருக்காக, அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியில் எழுந்து, 1996 மே மாதம் பல்கலைக்கழகமானது. ஆசிரியர் கல்வியின் மடியில் பிறந்த பல்கலைக்கழகம் இது. ஒலுவிலும் அட்டாளைச்சேனையும் ஒரே பிரதான வீதியில், பஸ்ஸில் சில நிமிடத் தூரத்தில் இருக்கின்றன. பல்கலைக்கழக உபவேந்தரும் கல்வியியற் கல்லூரிப் பீடாதிபதியும் முதலில் தங்களுக்குள் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொள்ளட்டும். அந்தப் படத்தை முதற்பக்கத்தில் போட நாம் தயார். கட்டுறுப் பயிற்சி வருடத்தில் பயிலுனர் செய்யும் ஆய்வைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் கூட இருந்து வழிநடத்த வேண்டும். இந்தக் கரையோரத்தைப் பற்றி உலகின் எந்த மூலையில் எழுதப்பட்ட ஆய்வேடும் ஒலுவில் நூலகத்தில் ஒரு பிரதியாகவும் நாலு பக்கத் தமிழ்ச் சுருக்கமாகவும் இருக்க வேண்டும். இங்கு வந்து தரவு திரட்டும் வெளிநாட்டு ஆய்வாளரிடம் அந்தச் சுருக்கத்தை நிபந்தனையாகவே கேட்கலாம். அடுத்த வருடாந்த ஆய்வரங்கில் ஒரு நாள் அமர்வை வளாகத்துக்கு வெளியே, கல்முனையில், சனிக்கிழமையொன்றில், தமிழில் வையுங்கள். கட்டுரை வாசிப்பவர்களுக்கு முன்வரிசையில் வலயத்தின் ஆசிரியர்கள் இருக்கட்டும், கேள்வி நேரம் அவர்களுடையதாக இருக்கட்டும்.