கள்ளக்குறிச்சி மண்ணும் யூரியா மூட்டையும்

வயலில் இடும் உரம் ஆண்டுதோறும் பெருகியும் மகசூல் அதற்கேற்ப உயரவில்லையெனில், குறை குடியானவனிடத்திலா, மண்ணிடத்திலா, அன்றி உரக்கொள்கையை வகுத்த ஸர்க்காரிடத்திலா என்று ஆராய்வது தேசநலம் நாடுவோரின் கடமையாகும். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி ஜில்லாவான கள்ளக்குறிச்சியை முன்னிட்டு இதை ஆராய விரும்புகிறோம். கல்வராயன் மலையில் உற்பத்தியாகும் கோமுகியும் மணிமுக்தாவும் இந்த ஜில்லாவின் நெல்வயல்களுக்கு நீர் அளிக்கின்றன. மலைச்சரிவு மண் ஒரு விதம். அணைப்பாசன மண் வேறு விதம். கிணற்றடி மண் மற்றொரு விதம். இம்மூன்றிற்கும் ஒரே கணக்கில் உரமிடுவது எங்ஙனம் பொருந்தும்?

தழைச்சத்து நான்கு பங்கு, மணிச்சத்து இரண்டு பங்கு, சாம்பல்சத்து ஒரு பங்கு என்பது நம் நாட்டில் நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் பொது விகிதம். 2023-24-இலோ சாம்பல்சத்து ஒரு பங்கிற்குத் தழைச்சத்து பத்துப் பங்கையும் கடந்துவிட்டது. இதற்குக் குடியானவனை மட்டும் நோவதில் பயனில்லை. 2010-இல் மற்ற உரங்களுக்குச் சத்தின் அளவையொட்டி மானியம் வகுத்த ஸர்க்கார், யூரியாவை மாத்திரம் அதற்குப் புறம்பாக நிறுத்தியது. 45 கிலோ யூரியா மூட்டை வரி முதலியவை நீங்கலாக 242 ரூபாய். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையோ 1,350 ரூபாய். கையில் பணமில்லாதவன் எதை வாங்குவான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மிகுதியான தழைச்சத்தால் பயிர் கருகருவென்று வளர்வது கண்ணுக்கு இனிமையே. ஆனால் அந்தப் பசுமையைத் தேடியே புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் வருகின்றன, குலைநோய் பற்றுகிறது, கதிர் முற்றுமுன் பயிர் சாய்கிறது. பிறகு பூச்சிமருந்துச் செலவு வேறு. பயிருக்குத் துத்தநாகமே குறையாயிருப்பின், ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட் செய்யும் நன்மையை எத்தனை யூரியா மூட்டைகளும் செய்யமாட்டா. சாம்பல்சத்து உரத்தைப் பெரும்பாலும் அந்நிய நாடுகளிலிருந்தே வாங்கும் நாம், தேவையறியாமல் உரத்தை வீணாக்குவது சுதேசியத்திற்கும் விரோதமாகும்.

இதற்குப் பரிகாரம் மண் பரிசோதனையே. 2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ராஜஸ்தானத்துச் சூரத்கரில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம், பன்னிரண்டு குணங்களைச் சோதித்துக் கூறுவது. நோக்கம் சிறந்ததே, முறையில்தான் குறை இருந்தது. பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று வகுத்தார்கள். ஆறு ஏக்கர் பரப்பில் ஐந்தாறு பேருக்கு நிலமிருந்தால், ஒருவன் வயலின் மண் மற்றவனுக்கு எங்ஙனம் சாட்சி சொல்லும்? நடவு முடிந்தபின் கைக்கு வரும் முடிவு, நோயாளி மாண்டபின் வரும் மருந்துச்சீட்டுக்கே ஒப்பாகும்.

கல்வராயன் மலைவாசிகளின் நிலை இன்னும் ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. 1976 வரை ஜாகீர் ஆதிக்கத்தில் உழன்ற அம்மக்களின் சிற்றூர்கள் மலைமேல் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பை மண்ணுக்காக அவர்கள் கூலியை இழந்து சமவெளிக்கு இறங்கவேண்டுமென்பது நியாயமன்று. பரிசோதனை வண்டி வெள்ளிமலைக்கு ஏறிச் செல்லட்டும்.

அறுவடைக்குப் பின், அடுத்த உரம் இடுவதற்கு முன், வரப்பும் மரநிழலும் எருக்குவியலும் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆறங்குல ஆழம் மண்ணெடுத்துக் கலந்து, அதில் அரைக்கிலோ அனுப்புவது எவருக்கும் எளிது. ஊர்தோறும் வாலிபர் இருவரை இதில் பழக்குவது தேசத்தொண்டர்களின் வேலை. நாற்று விடுமுன் முடிவைத் தருவதும், அதை மூட்டைக் கணக்கில் தமிழில் எழுதித் தருவதும், மற்றச் சத்துக்களின் விலையைக் குடியானவனுக்கு எட்டச்செய்வதும் ஸர்க்காரின் வேலை. இவ்விரண்டும் ஒருங்கே நடந்தாலன்றி, மண்வள அட்டை வீட்டுக் கூரையில் செருகிய காகிதமாகவே இருக்கும் என எச்சரிக்கிறோம்.