கறுப்பு ஏன் பூசினது என்று அவளிடம் கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

முசலிப் பக்கத்தில் ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம். விஞ்ஞானக் கண்காட்சிக்குத் தரம் 10 பெண் பிள்ளைகள் மூன்று பேர் உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் பெட்டி ஒன்று செய்திருந்தார்கள். கறுப்புப் பூசிய தட்டு, மேலே சாய்வாக ஒரு கண்ணாடி, ஓரத்தில் பாதியாக வெட்டிய பைப். வெயிலில் தண்ணீர் ஆவியாகி, கண்ணாடியில் பட்டுத் துளியாகி, வழிந்து போத்தலில் சேரும். உப்பு தட்டிலேயே தங்கிவிடும். கிணறு உவர்க்கும் கரையோர ஊருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன செய்ய முடியும்?

அதிகாரிகள் வந்த நேரம் அந்த மேசைக்குப் பின்னால் ஒரு பொடியன் நின்றான். பிள்ளைகள் மூவரையும் தேத்தண்ணி கொடுக்க அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவர்களில் ஒருவர் டீச்சர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "தட்டுக்குக் கறுப்பு ஏன்?" என்று கேட்டார்கள். அவன் சொன்னான்: "தெரியா சேர். செஞ்சது அவங்க. நிண்டுகொள்ளுங்க, கூட்டிட்டு வாறன்." ஓடிப்போய்க் கூட்டியும் வந்தான். பதினைந்து வயதுப் பொடியனுக்கு விளங்கியது நமக்கு விளங்கவில்லை.

என் கதையும் இதுதான். 1990 ஒக்டோபரில் உம்மா என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு இந்த ஊரை விட்டுப் போனா. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் படித்தேன். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ. "பொம்புளப் புள்ளைக்கு மெட்ஸ் என்னத்துக்கு?" என்றார்கள், ஆர்ட்ஸில் சேர்த்தார்கள். பிறகு கல்வியியற் கல்லூரி. இந்தத் தொழிலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த முடிவை எடுத்தபோது என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இப்போதும் தரம் 10க்குப் பாடம் தெரிவு செய்யும்போது மனைப்பொருளியல் என்றால் பெண் பிள்ளை, இயந்திரத் தொழினுட்பவியல் என்றால் ஆண் பிள்ளை என்று பெரியவர்களே பிரித்து வைக்கிறோம். பிறகு "பெண் பிள்ளைகளுக்கு அதில் விருப்பமில்லை" என்று ஒரு கதை.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மன்னார் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நம் மாவட்டத்துக்கென்று இடம் இருக்கிறது. பாதிப் பிள்ளைகளை உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கே அனுப்பாமல் வைத்துவிட்டு, முசலிக்கு டொக்டர் இல்லை, இன்ஜினியர் இல்லை என்று யாரைக் குறை சொல்கிறோம்?

மார்க்கத்தைக் காட்டுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. மனைவிக்குப் பிரசவம் என்றால் ஆஸ்பத்திரி வாசலில் முதலில் என்ன கேட்கிறீர்கள்? "லேடி டொக்டர் இருக்காவா?" என்றுதானே? அவ யாரோ ஒரு வாப்பாவின் மகள். அந்த வாப்பா உங்களைப்போல யோசித்திருந்தால் அந்த இடத்தில் யார் நின்றிருப்பார்? பத்தாம் நூற்றாண்டில் அலெப்போ நகரில் அல்-இஜ்லிய்யா என்ற பெண் வானியல் கருவி செய்ததை இப்னு அன்-நதீம் எழுதி வைத்திருக்கிறார். நாம் 2014இல் பீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய மர்யம் மிர்சாகானியைக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. கணிதத்தில் அந்தப் பதக்கம் வாங்கிய முதல் பெண் அவர்.

நம் முத்துச் சிப்பிப் பார்களைப் பற்றி ஐந்து தொகுதி அறிக்கை எழுதியவர் லிவர்பூலில் இருந்து 1902இல் வந்த ஹெர்ட்மன். மன்னார் தீவில் காற்றாலைகள் சுற்றுகின்றன. இந்தக் கடலையும் காற்றையும் படிக்க எப்போதும் வெளியில் இருந்துதான் ஆள் வரவேண்டுமா?

தூரம் என்ற பயம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. டியூசன் முடிந்து இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளையை நினைத்தால் எனக்கும் நெஞ்சு பதறும். அதற்கு மருந்து பிள்ளையை வீட்டில் வைப்பது இல்லை. கல்யாண வீட்டுக்கு மூன்று வேன் பிடிக்கிற ஊர் நாம். கிழமையில் மூன்று நாளைக்கு ஒரு வேன் பிடிக்க முடியாதா? பள்ளி நிர்வாகமும் பழைய மாணவர்களும் இதைப் பேசட்டும், என் பங்குக் காசை முதலில் தருகிறேன்.

தரம் 9 பிள்ளைகளின் பெற்றோரே, பாடத் தெரிவுப் படிவம் வீட்டுக்கு வரும்போது கையொப்பம் வைக்க முன்னர் மகளிடம் ஒரு தடவை கேளுங்கள். எந்தப் பாடம் என்னவென்று விளங்காவிட்டால் என்னிடம் வாருங்கள். அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.