கடையில் வாங்கிய ரயில் வேண்டாம்



பேரனின் பள்ளிக் கண்காட்சிக்கு ரயில் மாடல் கொண்டுவரச் சொன்னார்களாம். வீட்டில் கடைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

நம் போடி மலைக்கு மேலேயே ஒரு குட்டி ரயில் ஓடியது. 1908 முதல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை, இரண்டடி அகலத் தண்டவாளத்தில் தேயிலைப் பெட்டிகள் வந்தன. அங்கிருந்து ரோப்வேயில் குரங்கணிப் பக்கம் இறங்கி போடிக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துப் போட்டுவிட்டது.

அதைச் செய்யச் சொல்லுங்கள். ஐம்பதில் ஒரு பங்காகச் செய்தால் தண்டவாள அகலம் 12 மில்லிமீட்டர். பெட்டிக்கு அட்டை, மலைக்கு மைதாப் பசையில் ஒட்டிய பழைய பேப்பர், ரோப்வேக்கு நூல் போதும். கணக்கும் புரியும், ஊர்க் கதையும் தெரியும்.

நானும் ஒரு வருஷம் கடை மாடலுக்குத்தான் முதல் பரிசு கொடுத்தேன். தானே செய்த கோணல் அட்டை ரயிலை ஒரு பையன் பேசாமல் தூக்கிக்கொண்டு போனான். தம்பி, இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.

பெற்றோர்களே, பிள்ளை செய்தது கோணலாகவே இருக்கட்டும். அதையே கண்காட்சிக்கு அனுப்புங்கள்.